ஜெர்மன்காரரின் வயிற்றில் ஒரு படம்

டமால்!

சத்தம் பெரியவன் அறையிலிருந்து வந்தது. சின்னவள் வாயில் பிரஷ்ஷோடு ஓடினாள். சமையலறையிலிருந்து அம்மா ஓடிவரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"என்ன விழுந்துச்சுன்னு கேளுடி!"

"என்னண்ணா விழுந்துச்சு?"

"பெட்டியை இழுத்தேன். பின்னாடி இருந்த இன்னொண்ணும் சேர்ந்து வந்துருச்சு."

"பெட்டியாம்மா!"

"கால்ல விழலியேன்னு கேளு!"

"கால்ல விழலியேண்ணா?"

"என் கால்தானே? என்னையே கேக்கலாமே. கதவு திறந்துதான் இருக்கு" என்றான் பெரியவன், சமையலறைக்கும் கேட்கிற மாதிரி.

பதிலுக்கு ஒரு பாத்திரம் மட்டும் 'ணங்'கென்றது.

ஒரு வருஷமாக இந்த வீட்டில் பேச்சுவார்த்தை இப்படித்தான். அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவன் சட்டையைத் துவைப்பாள், காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போடுவாள். அவனிடம் வாயை மட்டும் திறக்க மாட்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் சின்னவள் வழியாகப் போகும். சின்னவள் வீட்டில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "வெளியே மழை வருது, குடை எடுத்துட்டுப் போனா நல்லது" என்று சுவருக்கு அறிவுரை கிடைக்கும். குடையை எடுத்துக்கொண்டு பெரியவன் போவான்.

எல்லாம் போன வருஷத்து மதியம் ஒன்றின் வினை. மாடி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். மாரடைப்பு. அன்றைக்கு அவரோடு இருக்க வேண்டியவன் பெரியவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வரவும், "இதோ வந்துடறேம்பா" என்று கிளம்பிப் போனான். அம்மா காலையிலேயே தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி குழந்தையோடு பிறந்த வீட்டில் இருந்தாள். சின்னவள் வேலையில் இருந்தாள். திரும்பி வந்து மாடியேறிப் பார்த்தவன் பெரியவன்தான்.

"தனியா விட்டுட்டுப் போயிட்டானே" என்றாள் அம்மா அன்று சாயங்காலம், வந்தவர்களிடம். அவனிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் அவன் வீட்டை விட்டே போகிறான். வேறு ஊரில் வேலை. அண்ணியும் குழந்தையும் முன்னாலேயே போய் வீடு பார்த்து உட்கார்ந்தாயிற்று. கம்பெனி அனுப்புகிறது என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தது. கேட்டு வாங்கிய மாற்றல் என்பது சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம்தான் அவளிடம் அதைச் சொன்னான். "அம்மா ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் ஏன்டி போறேன்? பேசாம அனுப்பினா, திரும்பி வரவும் மாட்டேன்."

அவன் வெறும் பேச்சுக்குச் சொல்கிற ரகமில்லை. சின்னவளுக்கு அதுதான் பயம்.

இப்போது அவன் காலடியில், கவிழ்ந்த பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு வஸ்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"அடடே, ஜெர்மன்காரர்!" என்றாள் சின்னவள்.

அப்பாவின் கேமரா. மூடியிருந்தால் தடித்த பர்ஸ் மாதிரி இருக்கும். மேலே பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் கதவு மாதிரி இறங்க, துருத்தி போல மடித்த கறுப்புத் தோல் லென்ஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். லென்ஸைச் சுற்றி ஜெர்மன் எழுத்து. அப்பாவுக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 'ஜெர்மன்காரர்' என்று மரியாதை போட்டுத்தான் பேசுவார். "எனக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தவ, உங்கப்பாவோட மூத்த சம்சாரம்" என்பாள் அம்மா.

அப்பா நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவர். எதையும் அளக்காமல் விட மாட்டார். இந்தக் கேமராவில் தூரத்தை நாமே கணித்து வைக்க வேண்டும். கணிப்பதாவது! தையல் டேப்பை எடுத்து, லென்ஸிலிருந்து நம் மூக்கு நுனி வரைக்கும் பிடித்துப் பார்த்த பிறகுதான் படம். அதற்குள் எல்லாருக்கும் சிரிப்பு செத்துவிடும். இந்த வீட்டு ஆல்பத்தில் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிற முகத்தோடுதான் இருப்பார்கள். அப்பா மட்டும் எதிலும் இருக்க மாட்டார். கேமராவை வேறொருவர் கையில் கொடுத்தால்தானே?

பெரியவன் அதை எடுத்து மூடப் பார்த்தான். மூடவில்லை.

"யாரோ மூடத் தெரியாம அமுக்கி மூடியிருக்காங்க. பாரு, இந்தச் சின்னக் கம்பி வளைஞ்சிருக்கு. தூரத்தைக் கடைசி எண்ணுக்குக் கொண்டுபோகாம மடக்கினா இப்படித்தான் ஆகும்."

"விழுந்ததுல வளைஞ்சிருக்கும்."

"மெக்கானிக்குக்கே பாடமா? இது பழைய வளைவு."

சின்னவள் கேமராவைத் திருப்பினாள். பின்பக்கம் மிட்டாய் அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடிச் சன்னல். அதற்குள்ளே, காகிதத்தில் அச்சடித்த ஓர் எண் தெரிந்தது. ஐந்து.

"அண்ணா, உள்ள ஃபிலிம் இருக்கு! எட்டுல அஞ்சு படம் வரைக்கும் வந்திருக்கு."

அப்போதுதான் அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி. கண் கேமராவின் மேலேயே இருந்தது.

"அதை இங்க கொடு. பழைய சாமான்காரர் மதியம் வரேன்னிருக்கார். போட்டுடலாம்."

"அப்பா கேமராவையா?"

"அப்பாவே போயாச்சு. அப்புறம் என்ன கேமரா?"

சின்னவளுக்கு வியப்பாக இருந்தது. அப்பாவின் கம்பி ஒடிந்த குடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒற்றைக் காது போன மூக்குக்கண்ணாடி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஜெர்மன்காரருக்கு மட்டும் ஏன் பழைய சாமான் வண்டி?

"சரிம்மா, கூடத்துல வெச்சிடறேன்" என்றாள்.

வைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுப் பைக்குள், டிஃபன் டப்பாவுக்கு அடியில், துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ஸ்டூடியோவில் கொடுத்தால் வெளியூருக்கு அனுப்பி, வர மாசக்கணக்காகும். அவளுக்கு இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும். அப்பா கடைசியாக எடுத்த ஐந்து படங்கள். அதில் ஒன்றாவது அண்ணனுடையதாக இருந்தால்? டேப் பிடித்து, மூக்கு நுனி அளந்து, அப்பா பிரியமாக எடுத்த படமாக இருந்தால்? அதைப் பார்த்த பிறகுமா அம்மா சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள்?

சின்னவளுக்கு வேலை கால்நடை மருத்துவமனையில். எக்ஸ்ரே எடுப்பவள். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே 'எக்ஸ்ரே' என்றுதான். மனிதர்களின் ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. நாய்க்கும் மாட்டுக்கும் இன்னும் ஃபிலிம்தான். இருட்டறையும் மருந்துத் தொட்டியும் அப்படியே இருக்கின்றன.

"இது என்ன பிராணி?" என்றார் டாக்டரம்மா, மேஜையில் கேமராவைப் பார்த்து.

"அப்பாவுதுங்க மேடம். உள்ள ஃபிலிம் இருக்கு. நம்ம மருந்துலயே கழுவிப் பார்க்கட்டுமா?"

"கழுவு. நாய்க்கு வெச்ச மருந்து. படத்துல குரைச்சா என்னைக் கேக்காதே."

சின்னவள் சிரித்தாள். அப்பாவை டாக்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் இறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை ஊன்றிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவே, சின்னவள் இங்கேதான் கூட்டி வந்தாள். ஒரு வேட்டை நாய்க்கு அடுத்து அப்பா. எலும்பு முறியவில்லை. டாக்டரம்மாவே கட்டுப் போட்டுவிட்டார், இருந்த துணியில். நாய்க்குட்டிப் பாதத் தடம் அச்சடித்த துணி. "கடிக்காம இருந்தீங்க, அதுக்கு நன்றி" என்று அவர் சொன்னதை அப்பா வீட்டுக்கு வந்து நாலு தடவை சொல்லிச் சிரித்தார்.

காலை வேலை ஓய்ந்ததும் சின்னவள் கேமராவின் திருகைச் சுற்றி மிச்ச ஃபிலிமையும் காகிதத்தையும் கடைசிவரை ஓட்டினாள். சுருளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. சுருளின் ஒட்டுக் காகிதத்தைக் கிழித்தாள். பிரித்துக்கொண்டே போனாள். காகிதத்துக்குள்ளிருந்து ஃபிலிமின் வால் வழுக்கிக்கொண்டு வந்தது. எதிர்பார்த்ததைவிட நீளம், எதிர்பார்த்ததைவிடச் சுருட்டல். விரலை விட்டால் பாம்பு மாதிரி சுருண்டுகொண்டது. சரிதான், வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று இடதுகை தானாகப் போய்ச் சிவப்பு விளக்கின் சுவிட்சைத் தட்டியது.

எத்தனை வருஷத்துப் பழக்கம்! எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கு ஒன்றும் செய்யாது. அந்த வெளிச்சத்தில்தான் தினமும் வேலையே.

ஆனால் இது எக்ஸ்ரே ஃபிலிம் இல்லை. கேமரா ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஒன்று, பட்டப்பகலும் ஒன்று.

"ஐயோ!"

அணைத்தாள். அணைத்த பிறகும் கண்ணுக்குள் சிவப்பு நின்றது.  அப்பாவின் கடைசிப் படங்களை, படித்துப் பட்டம் வாங்கிய மகள், ஒரு விரலால் சுட்டுப் பொசுக்கிவிட்டாள்!

இருட்டில் நின்றபடியே யோசித்தாள். வெளியே வந்தது சுருளின் வால். வாலில் இருப்பது கடைசிப் படங்கள். எட்டு, ஏழு, ஆறு. அவை எடுக்கவே படாதவை. பொசுங்கினால் பொசுங்கட்டும். மிச்சமெல்லாம் இன்னும் காகிதத்துக்குள் சுருண்டுதான் இருந்தது. ஐந்தாவது? அது பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் இருந்திருக்கும்.

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையை முடித்தாள். இரண்டு முனையையும் பிடித்து மருந்துத் தட்டில் ஊஞ்சல் மாதிரி ஏற்றி இறக்கினாள். பிறகு தண்ணீர். பிறகு அடுத்த மருந்து. தோள்பட்டை கடுத்தது.

வெளியே வந்து, நாய் எலும்பு பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் ஈர ஃபிலிமை மாட்டினாள். மற்றவர்கள் பிரிண்ட் போட்டால்தான் படம் பார்ப்பார்கள். அவள் பிழைப்பே கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் பார்ப்பதுதான்.

முதல் படம் மாடிப் பூந்தொட்டி. இரண்டாவது எதிர்வீட்டுச் சுவரின் விரிசல்; பக்கத்தில் அளவுகோல் வேறு சாத்தி வைத்திருந்தார். அப்பா! மூன்றாவது தூங்குகிற பூனை. நான்காவதும் பூனை, எழுந்து போகிற வால் மட்டும்.

அண்ணன் இல்லை. யாருமே இல்லை.

ஐந்தாவதில் பாதி தார் பூசிய மாதிரி போயிருந்தது. சிவப்பு விளக்கு தின்ற பாதி. மிச்சப் பாதியில் மாடி வராந்தாவின் கம்பி. ஒரு சின்ன மேஜை, அதன் மேல் இரண்டு டீ டம்ளர். ஒரு நாற்காலி. நாற்காலியில் ஓர் ஆள், வாய் திறந்து, தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து. நெகட்டிவில் நரை கறுத்து, இருபது வயது குறைந்திருந்தது. ஆனால் இடது தோள் வலதைவிட இறங்கியிருந்தது. இந்தத் தோளை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

"அப்பா" என்றாள் வாய்விட்டு.

டாக்டரம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லா சிரிக்கிறாரே! ஏய், கையைப் பாரு. நான் போட்ட கட்டு! பாதத் தடம்கூடத் தெரியுது."

சின்னவள் பார்த்தாள். மணிக்கட்டில் வரிசையாக நாய்க்குட்டிப் பாதங்கள்.

கணக்குப் போட்டாள். அந்தக் கட்டோடு அப்பா இருந்தது ஒரு இரவும் அரைப் பகலும்தான். மாடி வராந்தா மேற்கு பார்த்தது. வெயில் மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும். படத்தில் கம்பியின் நிழல் அப்பாவின் சட்டை மேல் விழுந்து கிடந்தது. அப்படியென்றால் இது அந்த மதியம். அதே நாற்காலி.

"யாரு எடுத்தது?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு டாக்டரம்மா ஒரு பசுவைப் பார்க்கப் போய்விட்டார்.

யார் எடுத்தது? இந்தக் கேமராவில் தானாக எடுக்கிற விசை கிடையாது. ஒருவர் கையில் பிடித்து, லென்ஸ் ஓரத்துக் குமிழை நெம்பி, மேலே அமுக்கினால்தான் உண்டு. மதியம் அப்பா தனியாக இருந்தார் என்றுதானே ஊர் உலகமெல்லாம் பேச்சு? தனியாக இருந்தவருக்கு இரண்டு டம்ளரா?

அன்று வீட்டில் இருந்தவன் ஒருவன்தான்.

சின்னவள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டு வாசலில் வேன் நின்றிருந்தது. கட்டில் சட்டங்கள் ஏறிவிட்டன. அம்மா கேட்டருகிலேயே மறித்தாள்.

"எங்கடி அது?"

"எது?"

"தெரியாத பிள்ளை மாதிரி கேக்காதே. சாமான்காரர் வந்து காத்திருந்துட்டுப் போயிட்டார்."

"எங்கிட்டதாம்மா இருக்கு. அப்புறம் பேசலாம்."

"அப்புறம் என்ன அப்புறம்? கொடுடி!"

சின்னவள் நிற்கவில்லை. பெரியவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அறை காலியாகி எதிரொலித்தது. அவன் கடைசிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, பொய் சொல்லாம சொல்லு. அன்னிக்கு மதியம் நீ அப்பாகூட உக்காந்து டீ குடிச்சியா?"

"என்னிக்கு?"

"அன்னிக்குத்தான்."

கயிறு கையிலேயே நின்றது. "ஏன்டி திடீர்னு?"

ஃபிலிமை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது வராந்தா. இது நாற்காலி. இது யாரு?"

பெரியவன் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"அப்பாவா? கேமராவுக்கு முன்னாடியா?"

"கையில கட்டு தெரியுதா? டாக்டரம்மா போட்டது. அன்னிக்கு மதியம் எடுத்த படம். நீ எடுத்தியா இல்லியா?"

"எங்கிட்ட அவர் கேமராவைக் கொடுத்திருக்காரா என்னிக்காவது? என் கல்யாணத்துக்கே அவரேதானே எடுத்தார், மாப்பிள்ளையோட அப்பா எங்கேன்னு எல்லாரும் தேடினாங்களே!"

"வீட்டுல வேற யாரு இருந்தா?"

"அதான் சொல்றேனே, நான் இல்ல! போன் வந்தப்போ வெயில்கூட வராந்தாவுக்கு வரல. டீ போட எனக்கு ஏது நேரம்?" அவன் குரல் உயர்ந்தது. "ஒரு வருஷமா அவங்க பேசல. சரி, அம்மான்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப வண்டி ஏறப்போற நேரத்துல நீயும் ஆரம்பிக்கிறியா? நானா இருந்தா அந்தக் கம்பியை வளைச்சு மூடுவேனா? எனக்கு மூடத் தெரியாதா?"

சின்னவள் ஃபிலிமை இறக்கினாள். அது உண்மை. போல்ட்டைக்கூடத் தடவிக் கழற்றுகிறவன் அவன்.

"அப்ப யாருண்ணா?"

"எனக்கென்ன தெரியும்? யாரோ வந்திருக்காங்க. அவர் தனியா இல்ல. அது போதும் எனக்கு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வியர்வையைத் துடைக்கிற மாதிரி. "தனியா விட்டுட்டுப் போனேன், தனியா விட்டுட்டுப் போனேன்னு ஒரு வருஷம் தூங்கலடி. அவர் தனியா இல்ல."

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

கதவு திறந்தது. அம்மா நின்றாள். கையில் வழிக்குக் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை.

"வண்டிக்காரர் அவசரப்படறாராம், சொல்லு" என்றாள் சின்னவளிடம். குரலில் சுரத்து இல்லை.

"அம்மா, இதைப் பாரு முதல்ல."

"எனக்கு எதுவும் பார்க்க வேண்டாம்."

"அப்பாம்மா! இந்த வீட்டுல அவர் படம்னு ஒண்ணாவது இருக்கா? இது அவர்."

அம்மா பொட்டலத்தைச் சன்னல் கட்டையில் வைத்தாள். ஃபிலிமை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நேரே ஐந்தாவது படத்துக்குப் போனாள்.

"பாதி வீணாப் போச்சும்மா, என் தப்புதான். ஆனா அப்பா நல்லா விழுந்திருக்கார். எப்படிச் சிரிக்கிறார் பாரேன்" என்றாள் சின்னவள்.

 ஈரம் காயாத ஃபிலிம் படபடவென்று ஆடியது. ஹாரன் மறுபடியும் அடித்தது. 

அம்மா ஃபிலிமைக் கீழே இறக்கினாள். சின்னவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, பெரியவனின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ போனப்புறம் வந்தவ, பயந்து மறுபடி ஓடினவ நான்தான். சிரிக்கிறாருன்னு நெனச்சுத்தான்டா நான் அமுக்கினேன்."